கட்டத்துக்குக் கீழே ஓர் ஊர்

மலையின் மேற்குச் சரிவில் ஓர் ஊர் இருக்கிறது என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. காலையில் எழுந்து பார்த்தால் இருந்தது. படுக்கப் போகும்போதும் இருந்தது. சந்தேகம் வந்தது நிலப்படத் தலைமையகத்துக்குத்தான். அதுவும் நூறு வருஷத்துக்கு முன்பே வந்து, தீர்ந்து, அச்சாகி, கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் கணுக்காலை நனைக்கும், மழைக் காலத்தில் பாறையை உருட்டும். இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே, அப்பன்மார் காலத்தில் ஊரே சேர்ந்து போட்ட ஒரு மரப்பாலம் இருந்தது. போன வருஷ மழையில் அது போயிற்று. ஊரின் ஒரே ஜீப் அன்றைக்கென்று அக்கரையில் நின்றிருந்தது. ஜீப்காரன் இக்கரையில் இருந்தான்.

அந்த வாரமே அவனுடைய அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. கட்டிலோடு தூக்கிவந்து ஓடைக்கரையில் வைத்தார்கள். எதிரே ஜீப் தெரிந்தது. அதன் முகப்புக் கண்ணாடியில் அக்கா ஒட்டிய கிளிப்படம்கூடத் தெரிந்தது. தண்ணீர் வடியட்டும் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரும் வடிந்தது. அதற்குள் அக்காவுக்கு ஜீப் தேவைப்படாமல் போய்விட்டது.

இந்த வருஷம் அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். விரல் மடக்கிப் பார்த்ததில் பிரசவம் சரியாக மழைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

"ஏங்க, நீங்க என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது. அந்த ஓடைல பாலம் வரணும். உங்க அக்கா மாதிரி கரைல படுத்துக்கிட்டு ஜீப்பை வேடிக்கை பாக்கறதுக்கு நான் ஆள் இல்ல" என்றாள்.

"நான் என்ன மந்திரியா?"

"மந்திரியா இருந்தா எங்க வீட்டுல பொண்ணே குடுத்திருக்க மாட்டாங்க. வாய் இருக்குல்ல? போய்க் கேளுங்க."

போனான். மூக்கைத் துடைத்துக்கொள்ளும் துணியிலிருந்து முதலாளி வீட்டுக் கல்யாணப் பட்டுவரை எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி இறக்கியவன். அலுவலகம் என்ற ஒன்றுக்குள் மட்டும் அதுவரை நுழைந்ததில்லை.

பாலத் துறைப் பொறியாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார்.

"பாலம்தானே? போட்டுடலாம். அதுக்குத்தான் நாங்க இருக்கோம். எங்க போடணும்?"

"எங்க ஊர் ஓடைல சார்."

"ஊர் எங்க இருக்கு?"

"மலைல."

"அது மலைக்குத் தெரியும் தம்பி. படத்துல எங்க இருக்கு?" என்று சொல்லி மேசைமேல் ஒரு பெரிய படத்தை விரித்தார். மலை முழுக்கக் கோடுகள், வெங்காயத்தை வெட்டி வைத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக. ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் ஒரே கோட்டில் கோத்திருக்கிறார்கள் என்று பொறியாளர் சொன்னார். ஜீப்காரன் விரலால் ரோட்டைப் பிடித்துக்கொண்டே போனான். வளைவெல்லாம் சரியாக வந்தது. ஓடைக்கரை வந்தது. அடுத்த அடியில் விரல் ஒரு கறுப்புக் கோட்டில் முட்டி நின்றது.

நீளவாக்கில் ஒரு கட்டம். அதற்குள் மலை இல்லை, ஊர் இல்லை. மேலே 'குறிவிளக்கம்' என்று ஒரு தலைப்பு, அதன் கீழே, படத்தில் எந்தக் குறி எதைக் காட்டும் என்று சொல்லும் சின்னச் சின்னப் படங்கள், அடியில் ஓர் அளவுகோல். மலைக்கோடுகள் கட்டத்தின் விளிம்புவரை வந்து, மரியாதையாக நின்று, மறுபக்கத்தில் மறுபடி ஆரம்பித்தன.

"இதுக்குக் கீழ இருக்கு சார் எங்க ஊரு."

பொறியாளர் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "படத்துல இல்லாத ஊருக்குப் பாலம் போட்டா, அந்தப் பாலம் எதுல போய் முட்டும்? அந்தரத்துல நிக்கும். கட்டத்தை நகர்த்தச் சொல்லி நிலப்படத் தலைமையகத்துல கேளுங்க. கொஞ்சம் நகர்ந்தா போதும், மறுநாளே ஆள் அனுப்பறேன்."

தலைமையகத்தின் படிக்கட்டு மலையேறிப் பழகியவனுக்கே மூச்சு வாங்கியது. உள்ளே நுழைந்ததும், மலையை முதலில் அளந்து படம் வரைந்த ஆதி அளவையாளரின் ஆளுயர ஓவியம். ஒரு கையில் தொலைநோக்கி, இன்னொரு கை தூரத்து மலையைச் சுட்டியது. காலணியில் மட்டும் சேறே இல்லை.

மூலப்படம் தனி அறையில், திரைக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதற்கென்றே ஓர் அதிகாரி. வருஷக்கணக்காக வெள்ளைக் கையுறையைக் கழற்றாததால் கையுறைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மணியை அடித்தார். திரை விலகியது. அறையிலிருந்தவர்கள் எழுந்து தலை குனிந்தார்கள். ஜீப்காரனும் குனிந்து, ஏதாவது கீழே விழுந்துவிட்டதோ என்று தரையைப் பார்த்தான்.

"மூச்சை அந்தப் பக்கம் விடுங்க!"

"சார்?"

"படத்து மேல ஈரக்காத்து படக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பேசுங்க."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சுவரில் ஆதி அளவையாளரின் இன்னோர் ஓவியம் இருந்ததால் அதனிடமே விஷயத்தைச் சொன்னான். ஓடை, பாலம், மனைவி, மழை, கட்டம்.

"ஆக, படத்துல தப்புன்னு சொல்றீங்க" என்றார் கையுறைக்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஐயோ, தப்புன்னு சொல்லல சார். எங்க ஊரு அடில மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

"இதுல தப்பு இருக்கான்னு நூறு வருஷமா ஒருத்தரும் கேட்டதில்ல, தெரியுமா?"

"ஏன் சார்?"

"கேக்கறவங்களை உள்ள விடறதில்ல."

பிறகு அவருக்கே அவன்மேல் இரக்கம் வந்தது போலும். படம் பிறந்த கதையைச் சொன்னார். ஆதி அளவையாளர் மலையின் மற்ற பக்கமெல்லாம் அளந்துவிட்டு ஓடைக்கரைவரை வந்தார். மழை. ஓடையில் வெள்ளம். அவருக்கோ ஜலதோஷம். கரையில் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்தார். 'அப்பால் ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பினார். படத்தில் அந்த மூலை வெறுமையாக விழுந்தது. வெறுமை கண்ணை உறுத்தியதால் குறிவிளக்கக் கட்டத்தைத் தூக்கி அங்கே வைத்தார்கள்.

"பாத்துட்டு யார் வேணா சொல்லலாம். பாக்காமலே ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு எவ்வளவு அறிவு வேணும்!"

"எங்க தாத்தாவோட அப்பா அன்னைக்கு அங்கதான் சார் இருந்திருப்பாரு."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"மழைச் சத்தத்துல கேட்டிருக்காது."

"அப்ப யார் மேல தப்பு?"

ஜீப்காரன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மண்டைக்குள் ஏதோ பல்சக்கரம் சுற்றியது. பாலம் இல்லாததால் அந்த ஆள் ஓடையைத் தாண்டவில்லை. தாண்டாததால் ஊர் படத்தில் இல்லை. படத்தில் இல்லாததால் ஊருக்குப் பாலம் இல்லை. இதை அவன் ஓவியத்திடம் சொன்னான். ஓவியம் எப்போதும்போல் மலையைச் சுட்டியது.

கட்டத்தை நகர்த்த முடியாது, நகர்த்தினால் அது மூலப்படமே அல்ல என்றார் கையுறைக்காரர். ஆனாலும் மனு என்று ஒன்று வந்துவிட்டதால் விசாரணைக் குழு நேரில் வரும், சட்டம் அப்படி. அந்த ஊர் இருக்கிறதா என்று அது பார்த்து முடிவு செய்யும்.

குழு வந்தது. தலைமை இயக்குநர், அவருக்குக் கீழே ஒருவர், அவருக்கும் கீழே ஒருவர், கடைசியில் படத்தின் நகலைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கையுறைக்காரர். கோடைமழை ஒன்று பெய்து ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. அதிகாரிகளின் கால்சட்டை நனையக் கூடாதென்று ஊரிலிருந்த கல்லுடைக்கும் ஆட்கள் அவர்களைத் தோளில் தூக்கி இக்கரை சேர்த்தார்கள். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கீழதிகாரியைச் சுமந்த ஆள் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டதால், மேலதிகாரி கரையேறும்வரை அவனை நடு ஓடையில் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆள் ஜீப்காரனின் மச்சான், மனைவியின் அண்ணன். "சார் கனமாத்தான் இருக்காரு, ஆனா பதவி பத்தல போல" என்று அவன் சொன்னது தண்ணீர்ச் சத்தத்தில் நல்லவேளையாகக் கேட்கவில்லை.

தலைமை இயக்குநர் ஊரின் நடுத்தெருவில் நின்றார். ஜீப்காரனின் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அன்பர்களே! இந்த இடத்தில் ஓர் ஊர் இருக்கிறதா என்பதைத் திறந்த மனத்துடன் ஆராய வந்திருக்கிறோம். கண்ணால் காண்பதை மட்டும் நம்பி முடிவெடுக்கும் வழக்கம் எங்கள் தலைமையகத்தில் இல்லை. கண் ஏமாற்றும். படம் ஏமாற்றாது."

"அப்ப நீங்க குடிச்ச தண்ணி எங்கேருந்து வந்துச்சுங்க?" என்றாள் அவள்.

"அது வேறு துறை" என்றார் தலைமை இயக்குநர்.

வேலை ஆரம்பித்தது. படத்தில் கட்டத்தின் ஓரங்கள் எங்கெங்கே விழுகின்றனவோ அங்கெல்லாம் தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்தார்கள். கோடு ஒரு வீட்டின் திண்ணையில் ஏறி இறங்கியது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாயின் வாலைக் கடந்தது. பிறகு கட்டத்துக்குள் எந்தக் குறி எந்த இடத்தில் இருக்கிறதோ, நிலத்தில் அதே இடத்தைத் தேடிப் போனார்கள். குறிவிளக்கம் அந்த மலைக்கென்று எழுதியதல்ல. நாட்டின் எல்லாப் படத்துக்கும் பொதுவாக ஒன்று. கோட்டை, மருத்துவமனை, ரயில் நிலையம், கலங்கரை விளக்கம், பாலம், இடுகாடு என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு குறி இருந்தது.

ஜீப்காரனின் அடுப்படி வாசலில் கையுறைக்காரர் நின்றார்.

"இது ரயில் நிலையம்மா."

"எது, எங்க அடுப்பா?"

"அடுப்பு இங்க இருக்கறதுதான் புரியல. படுக்கிற அறை எங்க? ஆங், அங்க கலங்கரை விளக்கம் வருது."

"மலை மேலயா? எந்தக் கப்பலுக்குங்க?"

"குறுக்குக் கேள்வி கேக்காதீங்க. குழு குறிச்சுக்குது."

மற்ற எல்லா இடத்திலும் குழு முகம் சுளித்தது. மருத்துவமனை இருக்கவேண்டிய இடத்தில் உருளைக்கிழங்கு முளைத்திருந்தது. கோட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆடு நின்று குழுவைப் பார்த்தது. ஊர்க்கோடிக்குப் போனபோதுதான் கையுறைக்காரர் துள்ளிக் குதித்தார்.

"சார்! சார்! இங்க வாங்க! இடுகாடு! படத்துல இருக்கற அதே இடம், அச்சு மாறல!"

குழு ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். புகைப்படம் எடுத்தார்கள். ஊரிலேயே புதிய மண்மேடு எதுவோ, அதன்மேல் ஒரு கால் வைத்துத் தலைமை இயக்குநர் நின்றார், பின்னணியில் மலை தெரியவேண்டும் என்பதற்காக.

"நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாமனிதர் வரைந்தது இன்றும் எவ்வளவு துல்லியம்!" என்றார்.

ஜீப்காரன் அந்தக் காலணியைப் பார்த்தான். அது அக்காவின் நெஞ்சுக்கு நேராக இருக்கும் என்று கணக்குப் பண்ணினான். "சார், காலை எடுங்க" என்றான். சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைத்தான். புகைப்படம் எடுப்பவர் அவனைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார்.

அறிக்கை தடிமனாக வந்தது. பொறியாளர் அதன் சாரத்தை அவனுக்குப் படித்துக் காட்டினார். மேற்படி இடத்தில் ஊர் இருப்பதாகப் படத்தில் இல்லை. ஆனால் கோட்டை உண்டு, மருத்துவமனை உண்டு, ரயில் நிலையம் உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு. இடுகாடு நேரில் சரிபார்க்கப்பட்டது. பாலமும் உண்டு. எனவே ஏற்கெனவே உள்ள பாலத்தை மறுபடி போடுவது வீண். மனு தள்ளுபடி.

"இருக்குன்னு எழுதியிருக்காங்களே சார், நீங்க வந்து பாத்தா இல்லன்னு தெரியும்ல?"

"நான் வந்து பாக்கலாம் தம்பி. பாத்து இல்லன்னு நான் சொன்னா, என் கண்ணைத்தான் சோதிக்க அனுப்புவாங்க" என்றார் பொறியாளர். தேநீர் ஆறிப் போயிருந்தது.

படத்தில் உள்ள பாலம் நிலத்தில் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். தலைமையகம் போலீஸில் புகார் கொடுத்தது. உதவி ஆய்வாளர் ஓடையைத் தாண்டாமல் அக்கரையிலேயே போலீஸ் ஜீப்புக்குள் உட்கார்ந்து ஜீப்காரனை விசாரித்தார்.

"பாலத்தை என்ன பண்ணினே?"

"தண்ணி அடிச்சிட்டுப் போச்சு சார்."

"சரி. ரயில் நிலையம்?"

"ரயிலே இல்ல சார்."

"தண்டவாளத்தையும் சேத்து எடுத்துட்டியா! கலங்கரை விளக்கத்தைக் கடைசியா எப்பப் பாத்தே?"

"பொறந்ததுலேருந்து பாத்ததில்ல சார்."

"பொறக்கறதுக்கு முன்னாடியே காணாமப் போயிருக்கு. புகார் குடுக்கணும்னு தோணலையா உங்க வீட்டுல யாருக்கும்?"

உதவி ஆய்வாளருக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் மீசைக்குக் கீழே அது தெரியவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் வந்து நிற்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"பாலம் கேக்கப் போனேன். பாலத் திருடன்னுட்டாங்க."

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ரயில் நிலையத்துல இன்னும் சோறு இருக்கு, போட்டுக்கறீங்களா?" என்றாள். அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் துடைத்துவிடவில்லை. அவளுக்கும் அதே பாடுதான்.

மூலப்படத்தின் நூற்றாண்டு விழா வந்தது. நாட்டில் எவ்வளவோ இடம் இருக்க, விழாவை அந்தக் கட்டத்துக்குள்ளேயே நடத்துவது என்று தலைமையகம் முடிவெடுத்தது. படத்தின் துல்லியம் நிரூபணமான இடம் அதுதானே. குறிவிளக்கக் கட்டத்தை அப்படியே பெரிதாக்கி ஒரு நினைவுப்பலகை செய்தார்கள். மூன்று மாடி உயரம், இரண்டு ஆள் அகலம், தடித்த எஃகுச் சட்டம், மேலே பித்தளைத் தகடு. குறிகளெல்லாம் புடைப்பாக இருந்தன.

அதைத் தோளில் தூக்கிவர முடியாது. விழாவுக்கு வரும் பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும்கூட முடியாது. ஆகையால் ஓடையின் இரண்டு கற்களுக்கும் நடுவே ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். மதியத்துக்கு ஆரம்பித்து, வெயில் தாழ்வதற்குள் முடித்துவிட்டார்கள்.

ஊர் ஓடைக்கரைக்கு வந்து வாயைப் பிளந்து நின்றது. ஜீப்காரன் ஒரு வருஷத்துக்குப் பிறகு ஜீப்பை ஊருக்குள் ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் அந்தக் கரைக்கு நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள்.

"அவ்வளவுதாங்க வேலை! ஒரு மதியம்! இதுக்கா நம்மள இந்தப் பாடு படுத்தினாங்க?" என்றாள்.

பலகையை ஓடைக்கரையில், கல்லின்மேல் நிறுத்தி மறையாணிகளை முடுக்கினார்கள். முகம் ஊரைப் பார்த்து இருந்தது. தலைமை இயக்குநர் மாலையும் கழுத்துமாக ஒலிபெருக்கி முன் நின்றார்.

"இங்கு வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளும் அன்பர்களே! நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தவித்தீர்கள். இனி அந்தக் கவலை இல்லை. காலையில் எழுந்ததும் இந்தப் பலகையைப் பாருங்கள். நீங்கள் இதற்குக் கீழேதான் இருக்கிறீர்கள். எங்களுக்கு விமர்சனங்கள் புதிதல்ல. படம் நிலத்தைப் போல் இல்லை என்கிறார்கள். நான் கேட்கிறேன், இத்தனை வருஷமாக நிலம் ஏன் படத்தைப் போல் ஆக முயற்சி செய்யவில்லை? இந்தப் பலகை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மழையிலும் காற்றிலும் அசையாது. சட்டம் அத்தனை உறுதி. லாரியே ஏறினாலும் வளையாது!"

கைதட்டினார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்ற மச்சான் கைதட்டவில்லை. பலகையை அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை பார்த்தான். அப்படியே ஓடையின் எதிர்க் கல்லைப் பார்த்தான்.

விருந்தினர்கள் கிளம்பியதும் ஆட்கள் வந்து இரும்புப் பாலத்தின் மறைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஜீப்காரன் கையுறைக்காரரிடம் ஓடினான்.

"சார், இதை விட்டுட்டுப் போங்க சார். இருக்கட்டும். உங்களுக்கு இன்னொண்ணு கிடைக்கும். மழை வரப் போகுது. வீட்டுல மாசமா இருக்கா சார்."

"ஒரே இடத்துல ரெண்டு பாலம் எப்படி? படத்துல ஒண்ணுதான் இருக்கு."

"அந்த ஒண்ணுதான் இல்லையே!"

"இருக்குன்னு அறிக்கை குடுத்தாச்சே. இதையும் விட்டுட்டுப் போனா ரெண்டாயிடும். படம் தப்பாயிடும்."

பேசிக்கொண்டிருந்தபோதே, வழியை மறிக்கிறதென்று யாரோ ஜீப்பை அக்கரைக்கு ஓட்டிப்போய் நிறுத்திவிட்டார்கள். பாலம் லாரியில் ஏறியது, லாரி போயிற்று. ஓடை முன்போலவே ஓடியது. கரையில் பித்தளைக் கட்டம் மட்டும் வெயிலில் மின்னியது.

அடுத்த வாரம் மனைவியை அடிவாரத்தில் அவளுடைய சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். மழை அதற்கு முன்னால் வந்தது. வலி மழைக்கு மறுநாள் காலையே வந்தது.

பிரசவம் பார்க்கும் பெண் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "குழந்தை குறுக்க கிடக்கு. என்னால ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, உடனே" என்றாள்.

கட்டிலோடு தூக்கிவந்து ஓடைக்கரையில் வைத்தார்கள். அதே கட்டில், அதே இடம். பழுப்புத் தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு இரைந்தது. எதிரே ஜீப் நின்றது, கிளிப்படம் தெரிந்தது. ஊர் சுற்றி நின்றது. போன வருஷம் எப்படி நின்றதோ அப்படியே. யாரோ ஒரு கிழவர், "தண்ணி வடியட்டும்" என்றார்.

அந்தச் சொல்தான் ஜீப்காரனுக்குள் எதையோ பற்றவைத்தது.

"வடியறதுக்கு நான் உக்காந்திருக்க மாட்டேன்! போன தடவை உக்காந்தேன். உக்காந்து, உக்காந்து, அக்காவைக் குழியில இறக்கினேன். அதையும் சரியா இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போனானுங்க!"

"கத்தாத மாப்ள" என்றான் மச்சான். அவன் கையில் ஏற்கெனவே கடப்பாரை இருந்தது. பின்னால் கல்லுடைக்கும் ஆட்கள் கயிற்றுச் சுருளோடு நின்றார்கள். "லாரி ஏறினாலும் வளையாதாமே. பாத்துடலாமா?"

ஜீப்காரன் பலகையை அண்ணாந்து பார்த்தான். மழை பித்தளையில் வழிந்தது. மச்சான் சொல்வது புரிந்ததும் முதல் ஆளாக அவனே ஓடினான். மறைகளைத் தளர்த்தினார்கள். உச்சியில் கயிறு போட்டு, ஊர்ப்பக்கமிருந்து ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, பலகை மெல்லப் பின்பக்கம் சாய ஆரம்பித்தது. "விடு... விடு... பிடி! கொஞ்சம் விடு!" என்று மச்சான் கத்தினான். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. ஒரு கட்டத்தில் கனம் கையை மீறிப் போயிற்று. நிலப்படத் தலைமையகத்தின் நூற்றாண்டுப் பெருமை 'டமார்' என்று எதிர்க் கல்லின்மேல் போய் விழுந்தது.

வளையவில்லை. அந்த மட்டில் தலைமை இயக்குநர் சொன்னது உண்மை.

பித்தளை முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. நான்கு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். ஜீப்காரன் முன்னால் நடந்தான். முதலில் அளவுகோல். அடுத்து இடுகாடு. அவன் ஒரு கணம் நின்றான்.

"ஏங்க, அங்க நின்னு என்ன பாக்கறீங்க? நடங்க!" என்று கட்டிலிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள்.

தாண்டினான். பாலத்தைத் தாண்டினான், கலங்கரை விளக்கத்தைத் தாண்டினான், ரயில் நிலையம், மருத்துவமனை, கோட்டை என்று எல்லாவற்றையும் ஈரக்காலோடு மிதித்துக்கொண்டு, கடைசியில் தலைப்பின்மேல் ஓங்கி ஒரு மிதி மிதித்து அக்கரையில் இறங்கினான். புடைப்புக் குறிகள் இருந்ததால் கால் வழுக்கவில்லை. ஜீப் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

பெண் குழந்தை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார். யாருடைய அறிக்கையிலும் அது இடம்பெறவில்லை.

மழை ஓய்ந்து தூறலாக நின்ற ஒருநாள் கையுறைக்காரர் உறையிட்ட காகிதத்தோடு அக்கரைக்கு வந்து சேர்ந்தார். ஜீப்காரன் இக்கரையில் நின்றிருந்தான், பக்கத்தில் குழந்தையோடு அவன் மனைவி. கையுறைக்காரர் ஒரு காலை எடுத்துப் பலகைமேல் வைக்கப் போனார். பித்தளையைப் பார்த்தார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூலப்படத்தை மிதிப்பதா? கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு காலணியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காகிதத்தைப் பல்லில் கவ்வி, வெள்ளைக் கையுறையை ஊன்றித் தவழ்ந்து வந்தார். முக்கால்வாசிக்கு மேல் வந்ததும் கீழே தண்ணீரின் இரைச்சல் பயமுறுத்தியதோ என்னவோ, அங்கேயே முட்டி போட்டபடி நின்று, காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்.

படத்தில் குறித்துள்ளபடி மேற்படி இடத்தில் பாலம் இருப்பது இன்று நேரில் உறுதியாயிற்று. இதனால் மூலப்படத்தின் துல்லியம் இரண்டாம் முறையாக நிரூபணமாகிறது. இத்தனை நாள் பாலத்தை மறைத்து வைத்திருந்ததற்கும், நூற்றாண்டு நினைவுப்பலகையைத் திருடியதற்கும் ஜீப் ஓட்டுநர் தலைமையகத்துக்கு வந்து விளக்கம் தர வேண்டும். கலங்கரை விளக்கத்தையும் ரயில் நிலையத்தையும் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும்.

"பலகை எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? அது மேலதான் முட்டி போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றாள் மனைவி.

"இது பாலம்மா. இப்பத்தானே படிச்சேன். பலகை திருடு போயிருக்கு."

"கலங்கரை விளக்கம்?"

"அதுவும்தான்."

"அடுத்த விழாவுக்கு அதைப் பெருசாப் பண்ணிக் கொண்டாரச் சொல்லுங்க. கொண்டாந்தாத்தான இங்க ஏதாவது வந்து சேருது."

ஜீப்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். தலைமையக அறையில் சுவரைப் பார்த்துப் பேசிய ஆள் இப்போது அந்த மனிதரை நேருக்கு நேராகப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"வர்றேன் சார். நூறு வருஷமா வரணும்னுதான் இருந்தோம், வழி இல்லாமப் போச்சு. இப்ப பாலம் இருக்கு, நீங்களே எழுதிட்டீங்க. நான் மட்டும் வர மாட்டேன். ஊரே வரும். கடப்பாரையோட வரும். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி எல்லாரும் நின்னு ஒரு தடவை மூச்சு விடப் போறோம்."

கையுறைக்காரரின் முகம் வெளுத்தது. அவர் திரும்ப முயன்றார். தவழ்ந்து வந்தவருக்குத் திரும்பத் தெரியவில்லை. பின்பக்கமாகவே நகர்ந்தார். மழைநீர் தேங்கியிருந்த இடுகாட்டுக் குறியின்மேல் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, புஸ்புஸ்ஸென்று இரைத்தார். பித்தளையில் ஆவி படர்ந்தது.

"சார்!" என்று கத்தினான் ஜீப்காரன். "மூச்சை அந்தப் பக்கம் விடுங்க. எங்க அக்கா மேல படுது."